ஏழாம் எண் கட்டம்

மனித குலம் சக்கரத்தைக் கண்டுபிடித்த நாளுக்கு அடுத்தபடியாகப் பொன்னெழுத்துகளில் பொறிக்க வேண்டிய நாள், 1997ஆம் ஆண்டு தை மாதத்து ஒரு வெள்ளிக்கிழமை. அன்று காலை பதினொன்றரை மணிக்கு நாகணம்பாளையம் பேரூராட்சி மன்றம், அந்தச் சக்கரம் கடைவீதியில் சும்மா நின்றால் காசு வாங்குவது என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. மனது ஏகமானதற்கு மன்றத்தில் வழங்கப்பட்ட போண்டாவும் ஒரு காரணம் என்பார்கள். மினிட் புத்தகத்தில் போண்டா இல்லை.

தீர்மானத்தின் தந்தை, பேரூராட்சித் தலைவரும் நூல் மில் முதலாளியுமான ரங்கராஜ். தீபாவளி கழிந்து ஐந்து நாள் சிங்கப்பூர் போய் வந்தவர். அங்கே அவர் கண்ட அதிசயங்கள் இரண்டு. ரோட்டில் துப்பக் கூடாது; ரோட்டோரம் காரை நிறுத்தினால் காசு. முதலாவதை நாகணம்பாளையத்தில் நடத்திக் காட்டுவது மனித யத்தனத்தில் இல்லை என்று உணர்ந்து, இரண்டாவதைக் கையில் எடுத்தார்.

"ரோடுங்கறது ஓடறதுக்குங்க. அதுல நின்னா, அது குடியிருக்கற மாதிரிங்க. குடியிருந்தா வாடகை உண்டுங்களா, இல்லீங்களா?" என்று மன்றத்தில் கேட்டார். யாருக்கும் சரியாகப் புரியவில்லை. ஆகவே பலமாகக் கைதட்டினார்கள்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. சோமனூர் பஸ் கடைவீதிக்குள் நுழைந்தால் வெளியே வர முக்கால் மணி நேரம் ஆனது. வேங்கடசாமியின் ஜவுளிக்கடை வாசலில் நின்ற மொபெட்டுகளைத் தாண்டிக் கடைக்குள் போவதற்குள் கல்யாணப் பெண்ணுக்குச் சேலை எடுக்கும் ஆசையே போய்விடும். திட்டம் வேண்டும் என்று முதலில் கேட்டவரும் வேங்கடசாமிதான்.

கடைவீதியின் கீழ்ப்புறத்தில் வெள்ளைக் கோடு போட்டுப் பதினான்கு கட்டங்கள் வரைந்தார்கள். தலைவரின் கான்டெஸா கார் நேரில் எழுந்தருளி அளவு கொடுத்தது. ஒரு பலகை நட்டார்கள்: 'நாளொன்றுக்கு இரு சக்கரம் ஒரு ரூபாய், நான்கு சக்கரம் மூன்று ரூபாய்.' வசூல் பொறுப்பு தம்பிதுரைக்கு. அதுவரை அவருடைய வேலை, தினமும் கடைவீதித் தள்ளுவண்டிகளை ஆக்கிரமிப்பு என்று விரட்டுவது. இப்போது பழைய விசிலோடு ஒரு காக்கித் தொப்பியும் ரசீதுப் புத்தகமும் கொடுத்தார்கள்.

முதல் நாள் காலையில் முதல் வாகனம் வந்தது. மாருதி வேன். தம்பிதுரை விசிலை வாயில் வைத்தார். இறங்கியவரைப் பார்த்ததும் எடுத்துவிட்டார்.

"ஏனுங்க மாமா, எப்ப வந்தீங்க? அத்தை சௌக்கியமுங்களா?"

"இருக்கறா கண்ணு. நீயென்ன தொப்பியெல்லாம் போட்டுட்டு? போலீசுல சேந்துட்டியா?"

"இல்லீங்க மாமா. இது வந்துங்க... பார்க்கிங்குங்க."

"அப்படியா சங்கதி. ரொம்ப நல்லதாப் போச்சு. வண்டியப் பாத்துக்க. காய் வாங்கிப்போட்டு வாரேன்."

தம்பிதுரை வண்டியைப் பார்த்துக்கொண்டார். மாமா திரும்பி வந்து இரண்டு முருங்கைக்காயைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அன்றைய வசூல் அதுதான்.

அடுத்து வந்தவர் பங்காளி. அதற்கடுத்தவர், தம்பிதுரையின் மகளுக்கு ஜாதகம் கேட்டிருக்கிற வீட்டுக்காரர். நான்காமவர் பெரிய சொந்தம் ஒன்றுமில்லை, ஆனால் மிகவும் மரியாதையாகப் பேசினார். மரியாதையாகப் பேசுகிறவரிடம் ஒரு ரூபாய் கேட்கிற ஆண்பிள்ளை எங்கள் ஊரில் இன்னும் பிறக்கவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் நான்கு மணிக்குச் சாஜிதா பேகம் தன் பச்சை நிறத் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு வந்து, ஏழாம் எண் கட்டத்துக்குள் கோடு தொடாமல் நிறுத்தினார்.

அந்த வண்டியில் விற்றது காளான் மசாலா. அதில் காளானைக் கண்டவர்கள் சிலரே. முட்டைக்கோஸைக் காணாதவர்கள் யாருமில்லை. ஆனாலும் ஒரு முறை சாப்பிட்டவன் மறு நாள் வந்து நிற்பான். சிக்கல் என்னவென்றால், மறு நாள் வண்டி அங்கே இருக்காது. தம்பிதுரையின் விசிலுக்குப் பயந்து, கொதிக்கிற கல்லோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு சந்து சந்தாக ஓடியதில், ஐப்பசியில் குழம்பு சாய்ந்து சாஜிதாவின் இடது முழங்கையில் ஒரு சாண் நீளத்துக்குக் கொப்புளம். 'ஒரு மாசம் ஒரே எடத்துல நின்னனா, வர்றவங்க தேடி வருவாங்க. ஊட்டு வாடகையும் மருந்துக் கடனும் தீந்துரும்' என்பதுதான் அவருடைய ஐந்தாண்டுத் திட்டம். அரசாங்கத்துத் திட்டங்களை விடச் சின்னதுதான். கணக்கு மட்டும் சரியாக இருந்தது.

தம்பிதுரை பழக்க தோஷத்தில் விசிலை ஊதினார்.

"அம்மணி, இங்கெல்லாம் நிக்கக் கூடாதுன்னு எத்தன தடவ சொல்றது?"

"ஏனுங்ணா, பலகையில நாலு சக்கரம் மூணு ரூவான்னு போட்டிருக்குதுங்களே?"

"ஆமா."

"எண்ணிப் பாருங்."

தம்பிதுரை குனிந்து எண்ணினார். சந்தேகத்துக்கு மறுபக்கமும் போய் எண்ணினார். சாஜிதா மூன்று ரூபாயை நீட்டிக்கொண்டே நின்றார். பதவியேற்ற மூன்று நாளில் யாரும் அவரிடம் காசு நீட்டியதில்லை. கை தானாக ரசீதைக் கிழித்தது. வாகன எண் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று யோசித்து, 'பச்சை' என்று எழுதினார்.

மாசியில் எட்டாம் கட்டத்துக்குக் கரும்புச்சாறு வந்தது. ஒன்பதில் கொய்யா, பத்தில் பிளாஸ்டிக் குடம். கடைவீதியில் நாளுக்கு மூன்று ரூபாய்க்கு இடம் கிடைக்கிறது என்ற செய்தி துடியலூர் வரைக்கும் போனது. மாசிக் கடைசியில் பன்னிரண்டு கட்டங்கள் நிரம்பிவிட்டன. மிச்சம் இரண்டில், ஒன்றில் திறப்பு விழாப் பந்தலின் கால் இன்னும் பிடுங்காமல் இருந்தது; மற்றதில் கட்டணப் பலகை. தம்பிதுரைக்கும் பேரின்பம். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, அவர்களே கூப்பிட்டுக் கொடுத்தார்கள்.

வேங்கடசாமிக்குத்தான் தாங்கவில்லை. பங்குனி முதல் வாரத்தில் அவசரக் கூட்டம் போட வைத்தார். சாஜிதா பேகமும் வந்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்தார். மடியில் ஒரு பிஸ்கட் டப்பா. அன்று வண்டியை ஏழாம் கட்டத்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். திரும்பும்போது இருக்குமோ இருக்காதோ என்று கண் தெருவையே பார்த்தது.

"தலைவரே, நாம பார்க்கிங் போட்டமா, சந்தை போட்டமாங்க?" என்று வேங்கடசாமி ஆரம்பித்தார். "எங் கடை வாசல்ல காளான் வாசம். பட்டுச் சேலையில தாளிச்ச மாதிரி இருக்குதுங்க. அத்தனையும் இன்னிக்கே தூக்கிப் போடோணும். மொதல்ல அந்தப் பச்சை வண்டிய!"

"தூக்கிப்போடலாமுங்க," என்றார் ரங்கராஜ். "தம்பிதுரை, புத்தகத்தக் கொண்டா."

அடிக்கட்டைகளை அவரே உரக்கப் படித்தார். "வண்டி எண் பச்சை. பச்சை. கரும்பு. பச்சை. கொய்யா. பச்சை..." கண்ணாடியைக் கழற்றினார். "ஏப்பா, கார்க்காரங்க ரசீதெல்லாம் எங்க?"

"அவியெல்லாம் நம்ம ஒறம்பரை, சொந்தபந்தமுங்க. நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா மூஞ்சியில முழிக்கோணுமுங்களே. எப்படிங்க கேக்கறது?"

"ஒருத்தர்கிட்டக் கூடவா கேக்கல?"

"ஒருத்தர்கிட்டக் கேட்டனுங்க. போன செவ்வாக்கெழமைங்க. 'நான் ஆருன்னு தெரியுமா கண்ணு?'ன்னாங்க. 'தெரியுமுங்க, தலைவருங்க'ன்னு சொல்லிப்போட்டு வந்துட்டேனுங்க."

ரங்கராஜ் தண்ணீர் கேட்டார்.

வாசலிலிருந்து சாஜிதா எழுந்து உள்ளே வந்து, பிஸ்கட் டப்பாவை மேசைமேல் வைத்துத் திறந்தார். நாள்வாரியாகக் குண்டூசி குத்திய ரசீதுகள்.

"எந்த நாளு நான் குடுக்கலைன்னு இதுல காட்டுங்க சார். இப்பவே தள்ளிட்டுப் போயிர்றேன். கேக்காமயே குடுத்தனுங்க. கேட்டும் குடுக்காதவங்க நிக்கலாம், நான் நிக்கக் கூடாதுங்களா?"

செயல் அலுவலர் மெதுவாகக் குனிந்து தலைவரின் காதில் ஒரு சங்கதியை ஞாபகப்படுத்தினார். அடுத்த புதன்கிழமை கோயமுத்தூரிலிருந்து ஒரு பெரிய அதிகாரி திட்டத்தைப் பார்வையிட வருகிறார். வரச் சொல்லிக் கடிதம் எழுதியவர் ரங்கராஜ். 'மாபெரும் வெற்றி' என்று அதில் இரண்டு இடத்தில் எழுதியிருந்தார். வண்டிகளைத் தூக்கிவிட்டால் அதிகாரிக்குக் காட்ட மிஞ்சுவது பந்தல் காலும் முருங்கைக்காயும்தான்.

ரங்கராஜ் எழுந்தார். ஏழைத் தாய்மார்களின் கண்ணீரைத் துடைப்பதற்காகவே இத்திட்டத்தைத் தாம் ஆதியிலிருந்து தீட்டியதாகவும், சிங்கப்பூரில் இது கிடையாது என்றும் இருபது நிமிடம் பேசினார். ஏழாம் எண் கட்டம் சாஜிதா பேகத்துக்கே நிரந்தரம், தினக் கட்டணத்துக்கு உட்பட்டு, என்று தீர்மானம். இதுவும் ஏகமனது. இந்த முறை போண்டா கூட இல்லை.

வேங்கடசாமி மட்டும் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார். அதையும் காளானே சரி செய்தது. சாப்பிட்டவர்கள் கை துடைக்கத் துணி தேடினார்கள். அவர் வாசலில் ஒரு மேசை போட்டுக் கர்ச்சீப் விற்றார். உள்ளே வந்தவர்களில் பாதிப் பேர் சேலையும் பார்த்தார்கள். சித்திரையில் அவரே சாஜிதாவின் வண்டிக்குக் கடையிலிருந்து ஒரு பல்பு இழுத்துக் கொடுத்தார். "இருட்டுல எண்ணெய்ச் சட்டியக் கவுத்துப்போடாத அம்மணி" என்றார்.

சொன்னபடி புதன்கிழமை அதிகாரி வந்தார், பார்த்தார், இரண்டு பிளேட் சாப்பிட்டார். 'பிற பேரூராட்சிகள் பின்பற்றத்தக்கது' என்று எழுதிவிட்டுப் போனார்.

பங்குனிக் கடைசியில் சாஜிதா மருந்துக் கடனை அடைத்தார். மறு நாள் வண்டியின் நான்கு சக்கரத்துக்கும் அடியில் செங்கல் வைத்தார். சக்கரங்கள் தரையைத் தொடவில்லை. தம்பிதுரை தினமும் நான்கு மணிக்கு வந்து, குனிந்து, நான்கும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்துவிட்டே ரசீது கிழித்தார். சட்டம் சட்டம்தான் அல்லவா?

சாயங்காலமானால் தலைவர் வீட்டு அம்மா ரங்கநாயகி கான்டெஸாவில் வந்து, கண்ணாடியை இறக்கி, "சாஜிதா, காரம் கொஞ்சம் தூக்கலாப் போடு கண்ணு" என்பார். அவருக்குப் பின்னால் இன்னும் ஏழெட்டுக் கார்கள். அவற்றுக்குப் பின்னால் சோமனூர் பஸ்.

கட்டங்கள் நிரம்பியிருப்பதால், கார்கள் எல்லாம் நடுரோட்டில் நிற்கின்றன.