களைக்கு ஆகும் கை

"அந்தக் கூடையக் கீழ வையி, பிரபா."

குழந்தைவேல் கத்தவில்லை. நடவுக்கு வந்த பத்துப் பேர் வாசலில் நிற்கும்போது தம்பி பெண்டாட்டியிடம் கத்தினால் தன் பெரிய மனிதத்தனம் குறைந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். மெதுவாகத்தான் சொன்னார். அதனால் எல்லோருக்கும் நன்றாகக் கேட்டது.

பிரபாவின் இடுப்பில் விதை மஞ்சள் கூடை இருந்தது. அவள் புருஷன் மணிமாறன் போர்வெல் போடும் ரிக் லாரியோடு வடக்கே போன இடத்தில் விபத்தில் செத்துப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. போன வருஷம் வரை அண்ணன் தம்பிக்குப் பொதுவான மூன்று ஏக்கரிலும் நடவைத் தொடங்கி வைத்தவள் அவள்தான்.

"ஏனுங்க மாமா?"

"மஞ்சளு மங்கலப் பொருளு. உங்கையில தொட்டா வெளங்குமா? உள்ள போயி ஆளுகளுக்குச் சோறாக்கு."

அவர் மனைவி மைதிலி வந்து கூடையை வாங்கிக்கொண்டாள். "மனசுல வெச்சுக்காத சாமி. ஊரு பேசுமல்ல" என்றாள். ஊர் அதுவரை ஒன்றும் பேசியிருக்கவில்லை. ஊருக்கு அன்று வெங்காய விலையே பெரிய கவலையாக இருந்தது.

அந்த ஆனியில் நல்ல மழை. மஞ்சள் நிதானமாகத்தான் முளைக்கும். களைக்கு அந்த நிதானம் கிடையாது. நாற்பது நாளில் கோரை ஊசி ஊசியாக எழும்பி மஞ்சள் காட்டையே மூடியது. களையெடுக்க ஆள் இல்லை. பாதிப் பேர் கோழிப்பண்ணைக்குப் போனார்கள், மீதிப் பேர் மில் வேனில் ஏறினார்கள். வெண்ணந்தூர்ப் பக்கத்தில் மிச்சமிருந்தது, கூலிக்கு ஆள் கூட்டிப்போகும் பாவாயியின் ஆட்கள்தான். அவர்களும் வெங்காயக் காடுகளுக்கு ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

குழந்தைவேல் சிரித்த முகத்தோடு பிரபாவிடம் வந்தார். "உன்னாட்டம் கோரை எடுக்க இங்க ஆருக்குத் தெரியும்? நம்ம காடு, நாமதான பாக்கோணும்?"

அவருடைய சாஸ்திரத்தில் குழப்பமே இல்லை. கிழங்கைத் தொட்டால் தோஷம். கிழங்கை ஒட்டி நிற்கும் புல்லைத் தொட்டால் குடும்பப் பொறுப்பு.

பிரபா போனாள். குனிந்து வேலை செய்தால் மனசு மாறுவார்கள் என்று நம்பினாள். கோரையை மேலோடு பிடுங்கினால் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கிலிருந்து மறுபடி கிளம்பும். அவள் களைக்கொத்தால் மஞ்சள் வேரைத் தொடாமல் ஆழத் தோண்டி, கோரைக் கிழங்கை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சாக்கில் போட்டு, காட்டுக்கு வெளியே கொண்டுபோய்க் கொளுத்தினாள். பத்தொன்பது நாளில் அரை ஏக்கர் சுத்தமானது.

இருபதாம் நாள் ஆடிப்பெருக்கு. தாலிக்கயிறு மாற்ற அக்கம்பக்கத்துப் பெண்கள் மைதிலி வீட்டில் கூடியிருந்தார்கள். பிரபா சேறு அப்பிய கையோடு வாசலுக்கு வந்தாள். மைதிலி ஓடி வந்து மறித்தாள்.

"அவங்க எதுத்தாப்பல வந்தராத சாமி. பொறவாசல்ல சுத்திப் போயிரு."

பிரபா களைக்கொத்தைச் சுவரோரம் சாத்தினாள்.

"மஞ்சளுக்கு ஆகாத கையி மஞ்சக்காட்டுக் களைக்கு மட்டும் ஆகுதுங்களா அக்கா?"

மைதிலி உள்ளே திரும்பிப் பார்த்தாள். உள்ளே இருந்தவர்கள் தட்டில் இருந்த மஞ்சள் கயிறுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் பிரபா பாவாயியின் ஆட்களோடு வேறொருவரின் வெங்காயக் காட்டுக்குக் கூலிக்குப் போனாள். "ஏனுங்கம்மணி, நீங்க எங்களோட வரலாமுங்களா?" என்று பாவாயி தயங்கியபோது, "கையிருக்குது, கொத்திருக்குது, வேறென்ன வேணும்?" என்றாள். மத்தியானம் பாவாயியின் தூக்குப்போசியிலிருந்தே தண்ணீர் குடித்தாள்.

குடும்ப மானம் போய்விட்டதாகக் குழந்தைவேல் டீக்கடையில் சொன்னார். பத்துப் பேர் முன்னால் கூடையை இறக்கச் சொன்னபோது அந்த மானம் எங்கேயும் போகவில்லை. கூலிக் காட்டில் குனிந்தபோதுதான் புறப்பட்டுப் போனதாம்.

ரோஷத்தோடு அவர் களைக்கொல்லி வாங்கி வந்தார். காலையில் வேலைக்குக் கிளம்பிய பிரபா, அவர் காட்டோரம் டேங்கில் மருந்து கலப்பதைப் பார்த்தாள். பேசாமல் போக அவளால் முடியவில்லை.

"மாமா, அது நட்டு மொளைக்கறதுக்கு முந்தி அடிக்கறதுங்க. இப்ப எல மேல பட்டா மஞ்சளும் சேந்து கருகிப்போயிரும். பாட்டல்லயே போட்டிருக்குதுங்க, படிச்சுப் பாருங்க."

"காலங்காத்தால எதுக்க வந்து நின்னதுமில்லாம கருகும்னு வேற சொல்றியா? தள்ளிப் போ!"

அவள் போய்விட்டாள். அவர் அடித்தார். பிரபா சுத்தம் செய்த அரை ஏக்கரில் களை இல்லாததால் அங்கே மட்டும் அடிக்கவில்லை. பத்தே நாளில் மற்ற இரண்டரை ஏக்கரும் வெளுத்து, சுருண்டு, காய்ந்த காகிதம் போலச் சரசரத்தது.

"அவ நாக்கு கருநாக்கு. சொன்னா, அப்பிடியே ஆயிப்போச்சு" என்றார் குழந்தைவேல். ஊரும் இப்போது பேசியது. தலையாட்டி ஒப்புக்கொண்டது. அதே வார்த்தையை அச்சடித்து ஒட்டியிருந்த பாட்டில் வரப்பில் கிடந்தது. அதைக் கருநாக்கு என்று ஒருவரும் சொல்லவில்லை. கருகிய காட்டில் கோரை மட்டும் அடுத்த மழைக்குத் திரும்ப முளைத்தது.

ஒரு காலையில் மினி ஆட்டோவில் பாவாயியும் மற்றவர்களும் ஏறிக்கொண்டிருந்தபோது மைதிலி மூச்சு வாங்க வந்தாள்.

"பிரபா, அந்த அரை ஏக்கராவாச்சும் பொழைக்கட்டும். அதுலயும் ஓரத்துல கோரை ஏறுது. நீ வந்தாத்தான் ஆகும்ங்கறாரு. கோவத்த உட்டுப்போட்டு வா சாமி."

பிரபா ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து, மடியில் களைக்கொத்தை வைத்துக்கொண்டாள்.

"சர்வேயருக்கு எழுதிக் குடுத்திருக்கறனுங்க அக்கா. பாதிக் காடு எங்கூட்டுக்காரரு பங்கு, இப்ப எம்பங்கு. வார திங்கக்கெழம அளக்க வாராங்க."

மைதிலி ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அவருகிட்ட நான் என்னன்னு போயிச் சொல்லுவேன்?"

"அன்னைக்கு ஊட்டுலயே இருக்கச் சொல்லுங்க. கல்லு நடறப்ப அவரு கையெழுத்து வேணுமாமா."

பாவாயி நகர்ந்து இடம் கொடுத்தாள். ஆட்டோ கிளம்பியது.