துடைக்காத கரும்பலகை

அழுக்குத் துணி வந்து இறங்கும் அறையில் முகமூடியும் முழங்கை வரை கையுறையும் இல்லாமல் யாரும் நிற்கக் கூடாது. அதனால் அன்று காலை ஏஜென்சி அனுப்பிய புது ஆட்களின் முகத்தை அவள் சரியாகப் பார்க்கவில்லை. அந்த மருத்துவமனைச் சலவைக்கூடத்துக்கு அவள்தான் சூப்பர்வைசர். போர்வையை உதறுவதற்கு முன்னால் ஊசியோ கத்தரிக்கோலோ உள்ளே சுருண்டு கிடக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். கடைசியில் நின்றவர், "புரிஞ்சுதுக்கா" என்றார். அவள் கை அப்படியே நின்றது. பல வருடங்களாக ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் கேட்ட "அக்கா" அது.

"வாத்தியாரே?"

அவர் முகமூடியை இறக்கவில்லை. தலையை மட்டும் குனிந்துகொண்டார்.

கடல் தாண்டி, மலை ஏறி, பஸ் நின்ற இடத்திலிருந்து இன்னும் நடக்க வேண்டிய ஓர் ஊரில் இருந்தது அந்தப் பள்ளிக்கூடம். அதற்கு உதவி செய்ய இங்கே ஐந்து பேர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். சங்கம் என்றால் பெரிய அலுவலகம் எல்லாம் இல்லை. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறை. கண் பரிசோதிக்கும் எழுத்துப் பலகைக்குக் கீழே கூட்டம் நடக்கும். கடைக்காரர், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் அண்ணன், அவள், அவளுடைய நாத்தனார், நாத்தனாரின் தோழி. கூரை போட்டார்கள், பெஞ்சு வாங்கிக்கொடுத்தார்கள், கழிப்பறை கட்டினார்கள். வாத்தியாரோடு பேசும் வேலை அவளுடையது. "உன் பள்ளிக்கூடம் அழுவுது பாரு, போய் எடு" என்று போன் அடிக்கும்போதெல்லாம் கணவர் கிண்டல் செய்வார். பேச்சுவாக்கில் அவளும் தன் கஷ்டத்தைச் சொல்லியிருக்கிறாள்: "எங்க லாண்டரிக்கு ஆளே கெடைக்க மாட்டேங்குது வாத்தியாரே. வெளிநாட்டுலேர்ந்துதான் கூட்டிட்டு வர்றாங்க."

சாப்பாட்டு நேரத்தில் இருவரும் உலர்த்தும் எந்திரங்களுக்குப் பின்னால், வெந்நீர்க் குழாய் ஓரத்தில் உட்கார்ந்தார்கள். முகமூடி இல்லாத வாத்தியார் போனில் பார்த்ததைவிட ஒல்லியாக இருந்தார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா போகாதேன்னு சொல்வீங்க. நீங்க சொன்னா நான் நின்னுடுவேன்கா."

"கவர்மெண்ட் சம்பளம் வரலையா?"

"சம்பளம் வராதுங்கிறது எனக்கு முந்தி மளிகைக் கடைக்காரனுக்குத் தெரிஞ்சுபோச்சு. கடன் குடுக்கிறத நிறுத்திட்டான்." அவர் டிபன் பாக்ஸை மூடினார். "நல்ல கூரைக்கா. ஒரு சொட்டு ஒழுகல. அதுக்குக் கீழ நின்னுக்கிட்டுதான் இன்னிக்கு வீட்டுல என்ன சமைக்கிறதுன்னு யோசிப்பேன்."

சம்பளம் தருவதில்லை என்பது சங்கத்தின் விதி. கூரைக்குக் கொடுங்கள் என்றால் ஜனங்கள் கொடுப்பார்கள். போட்டோ எடுத்து அனுப்பலாம். ஒரு மனிதனின் மாதச் செலவை எப்படிப் போட்டோ எடுப்பது? இதை அவளே ஒரு கூட்டத்தில் சொல்லி, எல்லோரும் தலையாட்டியிருக்கிறார்கள்.

அந்த வாரக் கூட்டத்தில் டிரைவர் அண்ணன் கொதித்தார். "புள்ளைங்கள அம்போன்னு விட்டுட்டு வந்தவனுக்கு நீ வேலை சொல்லிக் குடுக்கிற!"

"நான் சொல்லிக் குடுக்கலேன்னா வேற ஒருத்தர் சொல்லிக் குடுப்பாங்கண்ணே."

"வேற வாத்தியாரப் போடச் சொல்லிக் கேளுங்க" என்றார் கடைக்காரர்.

அந்த ஊர்க் கல்வி அலுவலகத்துக்குப் போன் போட்டார்கள். ஒருவர் மாற்றி ஒருவர் பேசி, கடைசியில் ஒரு பெண் மிகவும் பொறுமையாகச் சொன்னாள்: அந்தப் பள்ளியில் ஆசிரியர் இருக்கிறார், விடுப்பில் போயிருக்கிறார், எனவே இடம் காலி இல்லை. கடைக்காரர் போனை மேஜைமேல் வைத்தார். நாத்தனார்தான், "கண்ணு இருக்கு, பார்வைதான் லீவுல போயிருக்குங்கிற கதையா இருக்கு" என்றாள். அந்தக் கடையில் அதைக் கேட்டுக்கூட யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் அவள் வாத்தியாரிடம் கேட்டாள். மடித்த படுக்கை விரிப்புகளை இருவரும் வண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"ராஜினாமா எழுதிக் குடுத்துட்டா இன்னொருத்தர் வர வழி இருக்குமே?"

"எழுதறேன்கா. நீங்க சொன்னா இப்பவே எழுதறேன்." விரிப்பின் ஓரத்தை நீவிவிட்டார். "ஆனா எனக்கு முன்னாடி அந்த ஊருக்கு யாருமே வரல. நானும் அந்த ஊர்க்காரன்ங்கிறதாலதான் இருந்தேன். நாளைக்கு இங்கேர்ந்து துரத்துனா, திரும்பிப் போக எனக்குன்னு அந்த நாற்காலி ஒண்ணுதான் இருக்கு."

அவள் "எழுதுங்கள்" என்று சொல்லவில்லை. "வேண்டாம்" என்றும் சொல்லவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு லிப்ட் வரை போனாள். அங்கே நின்றபோதுதான் வண்டி பாதி காலியாக இருந்ததைக் கவனித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை போனில் ஒரு செய்தி வந்தது. வாத்தியாரின் எண் இல்லை. பள்ளியில் மதியச் சாப்பாடு சமைக்கும் அம்மாள் ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். பெஞ்சுகளில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். அம்மாளின் குரல் கேட்டது: "பள்ளிக்கூடம் தினமும் தொறக்குறோம் தாயீ. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வாத்தியாரு போற அன்னிக்குப் போர்டுல எழுதுனது அப்படியே இருக்கு. யாரையும் தொட விடல. அதையே புள்ளைங்க தினமும் பார்த்து எழுதுறாங்க. சும்மா உக்காந்தா வீட்டுக்குப் போயிடுதுங்க. சீக்கிரம் ஆள் அனுப்புங்க தாயீ."

அவள் அதைக் கணவரிடம் காட்டினாள். அவர் கிண்டல் செய்யவில்லை.

வாத்தியாருக்குக் காட்டலாமா கூடாதா என்று இரண்டு நாள் மனசு அடித்துக்கொண்டது. காட்டுவது தண்டனை மாதிரி இருந்தது; மறைப்பது திருட்டு மாதிரி இருந்தது. கடைசியில், இடைவேளையில், எந்திரங்களுக்குப் பின்னால் போனை அவர் கையில் கொடுத்துவிட்டாள்.

அவர் அழுவார் என்று நினைத்தாள். அவர் திரையைக் கண்ணருகே கொண்டுபோனார். நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி பார்த்தார். உதடு மட்டும் அசைந்தது.

"அக்கா, மூணாவது கணக்கு தப்பு."

"என்னது?"

"தொண்ணூத்தாற எட்டால வகுத்தா பன்னெண்டு. பதினாலுன்னு எழுதியிருக்கேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு, அவசரத்துல..." போனை அவளிடம் நீட்டினார். "இத்தனை நாளா புள்ளைங்க அதத்தானே எழுதுதுங்க. கூப்பிடுங்கக்கா. இப்ப அங்க கிளாஸ் நேரம்தான்."

அவள் கூப்பிட்டாள். நான்கைந்து தடவைக்குப் பிறகு கிடைத்தது. சமையல் அம்மாளின் நெற்றியும் கூரையும் திரையில் ஆடின. வாத்தியார் போனுக்கு அப்பால் தள்ளி, சுவரோடு ஒட்டி நின்றுகொண்டார்.

"போர்டுல ஒண்ணு மாத்தணும்மா. மூணாவது கணக்கு. கடைசி எழுத்த அழிச்சிட்டு..."

"அழிக்கவா? நான் அழிக்க மாட்டேன் தாயீ. அழிச்சா எழுத யாரு இருக்கா?"

"ஒரே ஒரு எழுத்துதான்மா. நாலை ரெண்டாக்கணும். பெரிய புள்ளைங்க யாரையாவது கூப்பிடுங்க."

பிள்ளைகள் எழுந்து கரும்பலகையை மொய்த்தார்கள். "இதுவா?" "இல்ல, இதுடி!" என்று ஆளுக்கு ஒரு பக்கம் கை காட்டினார்கள். ஒரே கூச்சல். அம்மாள் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு பலகையை நெருங்கினாள்.

"மேல... இன்னும் மேல" என்றார் வாத்தியார், தன்னை மறந்து, கையை நீட்டி.

கூச்சல் சட்டென்று நின்றது. ஒரு சின்னக் குரல், "சார்?" என்றது.

அத்தோடு படம் உறைந்துபோனது. திரும்பிய பிள்ளை முகங்கள் மங்கலாகத் தெரிந்தன. அம்மாளின் விரல், அந்த வெள்ளை எழுத்துகளுக்கு நடுவில், எதையோ தொடப்போன இடத்தில் நின்றிருந்தது. உலர்த்தும் எந்திரம் ஓட்டம் முடிந்து கத்தியது. இருவரும் நகரவில்லை. வாத்தியாரின் கை இன்னும் நீண்டபடியே இருந்தது.