ரெண்டுன்னா கூட்டணும்

"துணி நிக்க மாட்டேங்குது, அந்த ஃபேனைக் கொஞ்சம் குறைங்கப்பா" என்றார் பக்கத்து வீட்டுத் தையல்காரர்.

அப்பாவின் முகத்தை மூடியிருந்த வெள்ளைத் துணி இரண்டாம் முறையாகப் பறந்து விலகியிருந்தது. தையல்காரர் எழுந்துபோய்ச் சுவரிலிருந்த கண்ணாடி ஸ்விட்சைத் தட்டினார். ஐந்து என்ற நீல எண் அசையவில்லை. பலமாகத் தட்டினார்.

"லாக் பண்ணியிருக்கு மாமா. ஃபோன்லதான் மாத்தணும்" என்றான் மகன். ஃபோனை எடுத்தவன் எடுத்தபடியே நின்றான். வேலை பார்க்கும் கிடங்கிலிருந்து ஓடிவந்து அரைமணி நேரம் ஆகியிருந்தது.

பூட்டி வைத்தவன் அவன்தான். முப்பது வருடம் கடைசல் இயந்திரத்தில் நின்று, மயிரிழை பிசகாமல் இரும்பைச் சீவிய அப்பாவின் கைகளுக்கு நடுக்கம் வந்துவிட்டது. பழைய ரெகுலேட்டரைத் திருக முடியவில்லை என்றார் என்று இதை வாங்கி மாட்டினான். ஒருமுறை தொட வேண்டிய இடத்தில் அப்பாவின் விரல் நாலு முறை பட்டது. இரண்டில் வைக்கப் போனால் ஐந்துக்கு ஏறியது. ஒருநாள் எரிச்சலில் ஸ்விட்சைப் பூட்டினான்.

"இனிமே நீங்க தொடவே வேணாம். எனக்கு மிஸ்டு கால் குடுங்க. ஒண்ணுன்னா குறைக்கணும், ரெண்டுன்னா கூட்டணும். எங்க இருந்தாலும் நான் பாத்துக்கறேன்."

"என் தலைக்கு மேல சுத்தற ஃபேனுக்கு உங்க ஆபீஸ்ல மனு போடணுமாடா?" என்று சிரித்தார் அப்பா. மறுநாளிலிருந்து ஒழுங்காக மனு போட்டார்.

இன்று பதினொன்றே முக்காலுக்கு, கூட்டத்தில் மேலாளர் இவனிடம்தான் லாரிகள் தாமதமானதற்குக் காரணம் கேட்டுக்கொண்டிருந்தார். ஃபோன் அதிர்ந்து நின்றது. மறுபடி அதிர்ந்து நின்றது. ரெண்டு. மூன்றில் இருந்ததை நாலாக்கியிருக்கலாம். இன்னொரு தடவை கூப்பிடுவாரே என்று மேசைக்கடியில் ஒரேயடியாக ஐந்துக்கு ஏற்றினான். மூன்றாவது அழைப்பு நிற்கவே இல்லை. ஒரு மிஸ்டு கால் கூட ஒழுங்கா குடுக்கத் தெரியல என்று முணுமுணுத்து, அவனே துண்டித்தான்.

மாரடைப்பு, பன்னிரண்டு மணிக்குள் முடிந்திருக்கும் என்று சொல்லிவிட்டு டாக்டர் போய்விட்டார்.

"இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் என் மிஷின்" என்றார் தையல்காரர். "அண்ணன் இருமினாலே எனக்குக் கேக்கும். இன்னிக்கு ஃபேன் போட்ட தடதடப்புல ஒண்ணும் கேக்கலப்பா. கூப்பிட்டாரோ என்னமோ."

அவன் எண்ணை இறக்கினான். நாலு. மூன்று. இரண்டு. துணி அப்பாவின் மூக்கின் மேல் படிந்து நின்றது.

அக்கா உள்ளறையிலிருந்து வந்தாள். ஒரு மணிக்குச் சாப்பாட்டோடு வந்து முதலில் பார்த்தவள் அவள்தான். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தும்போது ஒரு கேள்வி கேட்டால், பதில் வரும்வரை வகுப்பையே நிறுத்தி வைப்பவள். கையில் அப்பாவின் ஃபோன் இருந்தது.

"மூணு தடவை உனக்குத்தான்டா அடிச்சிருக்காரு. என்ன சொன்னாரு?"

அவன் தையல்காரரைப் பார்த்தான். அவர் தரையில் சிதறிக் கிடந்த செய்தித்தாளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஃபேனைக் கூட்டச் சொல்லி."

"கூட்டினியா?"

"ம்."

"உடனேயா?"

"உடனே."

அவள் அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "அது போதும்டா. தனியாப் போயிட்டாரேன்னு நெனச்சுட்டு இருந்தேன். கேட்டதை நீ செஞ்சுட்டே."

அவன் வாய் திறந்தது. அக்காவின் கண்ணீர் சட்டைக்குள் இறங்கிச் சுட்டது. வாயை மூடிக்கொண்டான்.

தெருவில் வண்டி வந்து நின்றது. அப்பாவைத் தூக்குவதற்கு முன், அவன் ஃபோனில் பூட்டை எடுத்தான். சுவரில் நீல எண்ணுக்குப் பக்கத்திலிருந்த சின்னச் சிவப்பு விளக்கு அணைந்தது.

எல்லோரும் வெளியேறியபின் கடைசியாக நின்ற தையல்காரர், பழக்கதோஷத்தில் ஃபேனை நிறுத்த ஸ்விட்சின் மேல் விரலை வைத்தார்.

"அட, இப்பக் கேக்குதே" என்றார்.

வாசலில் கால்மாட்டைப் பிடித்திருந்த மகன் திரும்பிப் பார்த்தான். கட்டிலுக்கு மேலே ஃபேன் வேகம் தணிந்து, அதன் மூன்று இறக்கைகளும் தனித்தனியாகத் தெரியத் தொடங்கின.