மேலே கேட்பார் இல்லாத தொடர்

மேற்குச் சாளரத்தருகே முதற்பலகையில், வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழும் பேசும் ஜக்கையன் இருந்தான்; அவனுக்கு நேரெதிரே, போடிமெட்டுக்கு அப்பாலிருந்து இறங்கிவந்து மாமன் வீட்டில் தங்கிப் பயிலும் மலையாளப் பெண் தங்கம்மா இருந்தாள்; பத்தாம் வகுப்பின் ஏனையோர் சுவர்களை ஒட்டி நாற்புறமும் வளைந்திருக்க, வாயிலோரப் பலகையில் பொன்னுமணியும், அதில் அமரக் கூசி அதன் காலடியில் தரையில் அவள் தாய் ஒச்சம்மாளும் இருந்தனர். நடுவிலிட்ட மேசைக்குப் பின்னே அமராமல் நின்றவர் ஆங்கில ஆசிரியை சுந்தரம்மாள் ஒருவரே. கற்றறிந்த பெருந்தகையீர், அஃது எழுபத்தெட்டாம் ஆண்டின் ஆவணித் திங்களில் ஒரு வெள்ளிக்கிழமைப் பிற்பகல். குரங்கணி முகடுகள் வெண்முகிலைத் தலைவரை இழுத்துப் போர்த்திருக்க, சரிவிறங்கிய சாரற்காற்று, ஏலக்காய் தரம்பிரிக்கும் கொட்டகைகளில் நுழைந்து மணமள்ளி, போடிநாயக்கனூரின் ஓட்டுக்கூரைகளைத் தடவி, அவ்வகுப்பறையின் சுண்ணத்தூளோடு வந்து கலந்தது.

அவர்கள் வளைந்தமர்ந்திருந்தது வீணன்று. ஏலக்காய் விற்கும் கூடத்தில் வணிகர் சுற்றி அமர்ந்து, தட்டில் வரும் காயை அள்ளி, உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்து, ஒருவர் கேட்டதற்கு மேல் ஒருவர் கேட்பதை அவ்வூர்ப் பிள்ளைகள் நடைபயிலும் நாள்தொட்டே கண்டவர்கள். வேறுவேறு மொழி பேசும் வீடுகளிலிருந்து வந்து, ஆங்கிலம் என்றதும் நா உலர்ந்துபோகும் அவர்களை, சுந்தரம்மாள் அவ்வழக்கத்தைக் கொண்டே பேசவைத்தார். ஒருவர் ஓர் ஆங்கிலத் தொடரை நடுவில் வைப்பார். அதனினும் தெளிவாகவோ உண்மையாகவோ சொல்லவல்லவர் ‘மேலே’ என்று கைதூக்குவார். மேலே கேட்பார் இல்லாதபோது ஆசிரியையின் கோல் மேசைமீது விழும், அத்தொடர் உறுதியாகும். பிழையோடு கேட்டாலும் கேட்பு கேட்பே. நகைத்தவர் அடுத்த தொடரைத் தாமே தொடங்கவேண்டும். அச்சம் அவ்வாறு ஆட்டமாயிற்று; ஆட்டம் அவர்களை அறியாமலே கல்வியாயிற்று.

அன்று நடுவில் வந்ததோ பாடநூல் தொடரன்று. மலைமேல் ஏலத்தோட்டக் குடியிருப்பில் வாழ்வோர், வளர்ந்த பிள்ளைகளையும் பறிப்புக் காலத்தில் வேலைக்கு அனுப்பவேண்டும், இன்றேல் வீட்டை ஒழித்துத் தரவேண்டும் என்பது அத்தோட்டத்தின் கட்டளை. ஊரில் தங்கிப் பயிலும் மகளைத் திங்கட்கிழமைக்குள் கொண்டுவருமாறு சொல்லப்பட்டு ஒச்சம்மாள் இறங்கி வந்திருந்தாள். வடபுலத்தவரான தோட்டத் தலைவர்க்குத் தமிழெழுத்துத் தெரியாது. ஆங்கிலத்தில் எழுதினால் படிப்பார்.

“நீங்களே எழுதிக் குடுத்துருங்க தாயி. வெரசா முடிஞ்சிரும். தோட்டத்து ஜீப்பு நாலு மணிக்கெல்லாம் கெளம்பிரும்” என்றாள் ஒச்சம்மாள்.

“நான் எழுதினால் என் வேண்டுகோள் ஆகிவிடும், அம்மா. உங்கள் மகள் கேட்கட்டும், வகுப்பு கைகொடுக்கும்” என்றார் ஆசிரியை.

ஜக்கையன் துள்ளி எழுந்தான். தெய்வத்துக்கு நிகரான பெருமகனே, தங்கள் அடித்தூசியாகிய நாங்கள் விழுந்து அழுது கேட்கிறோம் என்னும் பொருள்பட, மூச்சுவிடாமல் ஆங்கிலத்தில் முழங்கினான். அதன் பொருள் கேட்ட ஒச்சம்மாள், “அப்பு நல்லாச் சொல்றான். அப்பிடியே போடுங்க” என்று கைகூப்பினாள்.

“எடா ஜக்கையா, அவரு இதப் படிச்சுத் தீர்க்கிறதுக்குள்ள காயெல்லாம் பழுத்துக் கொட்டிப் போகும்! என்ன வேணும்னு இதில எவிடெ இருக்கு?” என்றாள் தங்கம்மா.

“நீ மேல கேளு பாப்போம், பெரிய வெலக்காரி!”

அவள் கேட்டாள்: “பொன்னுமணி எங்கள் வகுப்பில் பயில்கிறாள், பங்குனித் தேர்வு வரை அவள் இங்கிருக்க வேண்டும்.” அதற்கு மேல் எவரும் கேட்கவில்லை.

ஆயினும் ஒன்றைக் கேட்பவர் ஒன்றைக் கொடுக்கவேண்டுமே. ஒச்சம்மாளே அதற்கு வழி சொன்னாள். “அவளுக்கும் சேத்து நானே பறிச்சுப்புடுறேன்னு எழுதுங்க. ரெண்டு ஆளு சோலிய ஒத்தையாப் பாத்துருவேன்.” அத்தொடர்மேல் கைகள் அலையலையாய் உயர்ந்தன. ஒருவர் வைத்ததை ஒருவர் செதுக்க, இறுதியில் ஜக்கையன் வைத்த வடிவம் தீட்டிய அரிவாள்போல் மின்னியது. தோட்டத் தலைவர் இதற்கு இசைவார், வீடும் நிலைக்கும் என்பது எல்லார் முகத்திலும் தெரிந்தது. முடித்துவைக்க ஆசிரியை கோலை ஓங்கினார்.

“மேலே” என்றாள் பொன்னுமணி.

அவள் முதலில் தாயிடமே திரும்பினாள். “ஆத்தா, போன வருசம் தூருக்குத் தூரு குனிஞ்சு குனிஞ்சு, நிமுர முடியாமக் கெடந்தியே. அந்த இடுப்ப வித்தா நான் படிக்கணும்?”

“கூறுகெட்டவளே, வீடு போயிருச்சுன்னா எங்கிட்டுப் போய் இருக்கிறது?”

பொன்னுமணி எழுந்து நின்றாள். ஈரச்சரிவில் கால்வைக்கும் இடம் பார்த்துப் பார்த்து இறங்குபவள்போல், ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லாய்த் தேடி ஊன்றினாள்: “என் தாய் ஒருவர் வேலையே செய்வார். சனி ஞாயிறுகளில் நான் வந்து பறிப்பேன். மற்ற நாள்களில் நான் பள்ளியில் இருப்பேன்.” பின் அதையே தாய்க்குத் தமிழிலும் சொன்னாள்.

“இது அவருக்குச் சினமூட்டவும் கூடும், முந்தைய தொடர் வீட்டை எளிதிற் காக்கும். தெரிந்துதான் கேட்கிறாயா?” என்றார் சுந்தரம்மாள்.

“தெரிஞ்சுதான் கேக்குறேன் டீச்சர்.”

“மேலே கேட்பவர் உண்டா?”

ஜக்கையன் பாதி தூக்கிய கையை மடியில் இறக்கிக்கொண்டான். ஆசிரியையின் கோல் மேசைமீது விழுந்தது.

அயன்மொழியின் சொற்களைப் பிள்ளைகள் வாயில் ஊட்டுவோர் பலர். அச்சொற்களில் தன் வாழ்வைத் தானே விலைபேச ஒருத்தி எழுந்தபோது, அவள் சொல்லைத் தன் சொல்லால் மூடாது ஒதுங்கி நிற்க வல்லவர் சிலர். அச்சிலருள் ஒருவரை அவ்வறை அன்று கண்டது. பொன்னுமணி தன் கையாலேயே மடலை எழுதித் தன் பெயரையே கீழே இட்டாள். சுந்தரம்மாள் ஓரெழுத்தும் சேர்க்கவில்லை.

வாயிலில் ஜீப் ஓட்டுநர் வெள்ளைத்துரையின் ஊதொலி இருமுறை எழுந்தது. மகள் பசை தடவி நீட்டிய உறையை ஒச்சம்மாள் வெடுக்கென்று வாங்கினாள். ஆயினும் காய்க்கறை ஏறிக் கறுத்த கட்டைவிரலால் அதன் விளிம்பை இந்த முனைதொட்டு அந்த முனைவரை மெல்ல அழுத்தினாள். “எங்க ஆத்தா ஒரு ஆளு சோலிதான் பாப்பான்னு எழுதிப்புட்டா வெள்ளத்தொரை, பாத்தியா இவ திமிர!” என்று அவள் முறையிட்டபோது, குரல் சினத்தில் தொடங்கி வேறெங்கோ போய் முடிந்தது.

“நனைஞ்சிராம, சட்டைக்குள்ள வச்சுக் கொண்டுபோய்க் குடு” என்று உறையை அவன் கையில் வைத்தாள். தானும் ஏறி அமர்ந்தாள். வண்டி உறுமி, வளைவுதோறும் சிறுத்து, மடலோடு முகிலுக்குள் ஏறியது.