கடிகாரக் கொடி ஏன் காய்க்கவில்லை

ஜெயசீலி வீட்டுக் கொடி பூத்துத் தள்ளியது. ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை.

கிழக்குத் தாம்பரத்தில், சர்ச்சுக்குப் பின்னால் இருந்த காலனியில் அதைக் கடிகாரக் கொடி என்பார்கள். பூவைப் பார்த்தால் காரணம் தெரியும். வட்ட முகம், அதைச் சுற்றி ஊதா இழைகள், நடுவில் கடிகார முள் போல மூன்று நீட்டங்கள். அந்தக் கொடியை முதலில் கொண்டுவந்தவர் பழைய போதகரின் மனைவி. யாழ்ப்பாணத்துக்காரர். அவர் அதைக் கொடித்தோடை என்றாராம். பழத்தைப் பிழிந்து சர்க்கரை போட்டால் அதைப்போல ஒரு சர்பத் கிடையாது என்றும் சொன்னாராம். அவர்கள் மாற்றலாகிப் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. பழத்தைக் காலனியில் யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

அதற்காக யாரும் கவலைப்பட்டதும் இல்லை. அழகுக்குத்தானே வைத்திருக்கிறோம் என்று இருந்துவிட்டார்கள். ஜெயசீலிக்கு அப்படி இருக்க முடியவில்லை. அவள் கணவன் சாலமோன் மாசி மாதம்தான் காசநோய் சானடோரியத்திலிருந்து வீட்டுக்கு வந்திருந்தான். நெஞ்சு ஆறிவிட்டது, ஆனால் ஆறு மாதமாவது காற்றோட்டமான இடத்தில் படுத்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர்கள் குடியிருந்த பின்கட்டில் காற்று வருகிற ஒரே இடம் மேற்குப் பார்த்த வராந்தா. அதற்குக் கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். கம்பி வலை மேல் அந்தக் கொடி ஏறி, ஷீட்டையும் மூடி, உள்பக்கமும் தொங்கிப் படர்ந்திருந்ததால்தான் மத்தியானத்தில் அங்கே மனிதன் படுக்க முடிந்தது.

முன்கட்டில் இருந்தவர் வீட்டுக்காரர் சாம்பசிவன், ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கோடை வந்தால் கிணற்றுக்கு அவர் ஒரு சட்டம் போடுவார்: வாயில் போடுகிற செடிக்குத்தான் தண்ணீர். முருங்கைக்கு உண்டு, வாழைக்கு உண்டு, கறிவேப்பிலைக்கு உண்டு. ரோஜாவுக்குக் கிடையாது. அவர் மனைவி வைத்த ரோஜாவுக்கே கிடையாது.

"இதுவும் காய்க்கிற செடிதான் சார்," என்றாள் ஜெயசீலி.

"டீச்சர், நானும் ரெண்டு வருஷமா பார்க்கிறேன். இந்தப் பூவுல நூறு கௌரவர் இருக்காங்க, அஞ்சு பாண்டவர் இருக்காங்கன்னு என் சம்சாரம் சொல்றா. இருக்கட்டும். இத்தனை பேருக்கு நான் தண்ணி இறைக்க முடியுமா?"

வராந்தாவிலிருந்து சாலமோன் குரல் கொடுத்தான். "எங்க ஆளுங்க அதையே முள்முடின்னு சொல்றாங்க சார். மூணு ஆணி, அஞ்சு காயம்."

"பார்த்தீங்களா? ரெண்டு மதத்துக்கும் சாமி கொடுக்குது, காய் கொடுக்க மாட்டேங்குது. சித்திரை பிறக்கட்டும். அதுக்குள்ள ஒரே ஒரு காய் காட்டுங்க, நானே ஒரு வாளி ஊத்தறேன். இல்லேன்னா வெட்டிடலாம்."

ஜெயசீலி பெண்கள் பள்ளியில் விஞ்ஞானம் நடத்துகிறவள். பூ எப்படிக் காயாகிறது என்று வருஷா வருஷம் போர்டில் படம் போட்டுக் காட்டுகிறவள். அதனால் சிக்கல் இன்னும் எரிச்சலாக இருந்தது. இந்தப் பூவில் எதுவும் குறையவில்லை. மகரந்தப் பைகள் ஐந்து, கீழ் நோக்கித் தொங்குகின்றன. அவற்றுக்கு மேலே சூல்முடிகள் மூன்று. பூ மத்தியானம் திறக்கும்போது சூல்முடிகள் நிமிர்ந்து நிற்கும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து, பைகள் இருக்கும் மட்டத்துக்கு இறங்கிவிடும். தேன் குடிக்க வருகிற வண்டின் முதுகில் முதல் பூவின் மகரந்தம் ஒட்டும், அடுத்த பூவின் சூல்முடி அதே முதுகில் உரசும். இவ்வளவு கச்சிதமான ஏற்பாடு.

"வண்டு வரலியோ என்னமோ," என்றாள்.

"வராம என்ன? நாள் பூரா மல்லாந்து படுத்து அதைத்தானே பார்க்கிறேன்," என்றான் சாலமோன். "கருவண்டு, கட்டை விரல் பருமன். சாம்பசிவன் சார் மாதிரி உறுமிக்கிட்டு வருது, குடிக்குது, போகுது. மறுநாள் பூ பொத்துன்னு என் மேல விழுது."

அவள் வண்டை நம்பாமல் தானே செய்து பார்த்தாள். ஒரு பூவின் மகரந்தத்தை அதே கொடியின் இன்னொரு பூவில் தொட்டு வைத்தாள். விழுந்துவிட்டது. சில செடிகள் தம் மகரந்தத்தைத் தாமே ஏற்கா என்று படித்தது ஞாபகம் வந்தது. அடுத்த தெரு ரத்தினபாய் வீட்டுக் கொடியிலிருந்து பூ வாங்கிவந்து தொட்டாள். அதுவும் விழுந்துவிட்டது. ஆகவே மகரந்தம் காரணமில்லை என்று முடிவு கட்டினாள். அங்கேதான் தவறினாள். எரு போட்டாள். சாம்பல் தூவினாள். பூ இன்னும் அதிகமானது.

"நல்லா இருக்கு," என்றான் சாலமோன். "பாண்டவர் படை பெருகுது."

பங்குனியில் ஒரு சனிக்கிழமை, பள்ளி அரை நாள் முடிந்ததும், அவள் கல்லூரித் தாவரத் தோட்டத்துக்குப் போனாள். பொறுப்பில் இருந்த விரிவுரையாளர் தேவானந்தம் சர்ச்சில் பார்த்துப் பழக்கம். தோட்டத்தின் நடுவில் ஒரு செம்மண் பாதை. ஒரு பக்கம் அழகுச் செடிகள், மறு பக்கம் உண்ணும் செடிகள்.

"பிரிச்சு வெச்சது நாங்கதான். செடிக்கு இது தெரியாது," என்று சிரித்தார் தேவானந்தம். அழகுப் பக்கத்தில் வெள்ளைக் கோடு போட்ட இலையோடு நின்றது மரவள்ளி. தோண்டினால் கிழங்கு இருக்கும். கல்வாழையின் கிழங்கையும் வேகவைத்துத் தின்கிற தேசங்கள் உண்டு என்றார். உண்ணும் பக்கத்தில் நீலச் சங்குப்பூ போலப் பூத்திருந்தது சிறகவரை. அதை யார் வீட்டு வாசலில் வைத்தாலும் அழகுச் செடி என்றுதான் சொல்வார்கள்.

அந்த வரிசையின் கடைசியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து வேலியில், கடிகாரக் கொடி. அதே பூ. அதன் நடுவே கோழி முட்டை அளவில் பச்சையும் மஞ்சளுமாகக் காய்களும் பழங்களும்.

"இது எந்த ஜாதி சார்?"

"உங்க வீட்ல இருக்கிற அதே ஜாதிதான். மண்ணும் இதே செம்மண்."

ஜெயசீலி வேலியோரமாக நடந்தாள். இலையைத் திருப்பினாள். பற்றுக்கம்பிகளைப் பார்த்தாள். ஓர் இடத்தில் அவை பச்சையாக இருந்தன, நாலடி தள்ளிச் செந்நிறமாக இருந்தன. இன்னும் தள்ளி மறுபடி பச்சை, ஆனால் இலை சின்னது. காலனியில் எந்த வீட்டிலும் செந்நிறக் கம்பியை அவள் பார்த்ததில்லை.

"இதை எப்படி சார் நட்டீங்க?"

"எப்படின்னா? யாரோ ஊட்டியிலிருந்து பழம் கொண்டுவந்தாங்க. தின்னுட்டு விதையை வரிசையா போட்டோம்."

"விதையா? கொம்பு ஒடிச்சு வைக்கலியா?"

"கொம்புக்கு எங்கே போறது?"

அவள் தொட்டிச் சுவரில் உட்கார்ந்துவிட்டாள். இங்கே விதைக்கு விதை வேறு செடி, அதனால்தான் கம்பியின் நிறம் மாறுகிறது. காலனியில் கடிகாரக் கொடி பரவிய விதம் வேறு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பெண்கள் ஈரக் காகிதத்தில் சுற்றிய கொம்புகளைக் கை மாற்றிக்கொள்வார்கள். ஜெயசீலிக்குக் கொம்பு தந்தவள் ரத்தினபாய். ரத்தினபாய்க்குத் தந்தது ஆர்கன் வாசிக்கும் சத்தியநாதன் வீட்டில். அவர்களுக்குப் பழைய போதகர் வீட்டு வாசல் வளைவில் படர்ந்த கொடியிலிருந்து. கொம்பு ஒடித்து நட்டால் வருவது தாய்க்கொடியின் பிள்ளை அல்ல, தாய்க்கொடியேதான், வேறு இடத்தில் நிற்கிறது. ஆகவே காலனி முழுவதும் இருந்தது ஒரே ஒரு செடி. ரத்தினபாய் வீட்டு மகரந்தமும் தன் வீட்டு மகரந்தம்தான். காய் இல்லாததால் விதை இல்லை. விதை இல்லாததால் கொம்பு. கொம்பாகவே நட்டதால் காய் இல்லை.

"எனக்கு நாலு பூ வேணும் சார்," என்றாள்.

"நனைச்சிடாதீங்க. தண்ணி பட்டா மகரந்தம் வெடிச்சுப் போயிடும்," என்றார் தேவானந்தம். அவருக்கும் ஆவல் வந்துவிட்டிருந்தது. விதைக்கென்று இரண்டு பழங்களையும் பறித்துக் கொடுத்தார்.

காலி டிபன் பாக்ஸில் பூக்களை வைத்து ரிக்‌ஷாவில் வந்தாள். பூ அந்தி கழிந்தால் மூடிக்கொள்ளும், அதற்குள் வேலை முடிய வேண்டும். வழியில் ரத்தினபாய் வீட்டிலும் ஒரு பூ பறித்துக்கொண்டாள். வீட்டுக் கொடியில், தோட்டத்துப் பூவைத் தொட்டு வைத்த பூக்களுக்குச் சிவப்பு நூல் கட்டினாள். ரத்தினபாய் வீட்டுப் பூவைத் தொட்டவற்றுக்கு வெள்ளை நூல்.

"எனக்கு எந்த நூல்?" என்றான் சாலமோன்.

"பேசாம படுங்க. எது விழுதுன்னு பார்த்துச் சொல்லுங்க, போதும்."

வெள்ளை நூல் பூக்கள் திங்கட்கிழமைக்குள் அவன் போர்வை மேல் விழுந்தன. சிவப்பு நூலில் ஒன்று விழுந்தது. மற்றவை இதழ் வாடியும் காம்பை விடவில்லை. வாரக் கடைசியில் கோலிக்குண்டு அளவு வீங்கியிருந்தன.

சித்திரை பிறப்பதற்கு முன்பே சாம்பசிவன் ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தார். ஒரு காயை விரலால் சுண்டினார். இறங்கினார்.

"நூலை எடுத்துடாதீங்க டீச்சர். என் சம்சாரம் நம்ப மாட்டா," என்றார். பிறகு கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி இறைத்து வந்து வேரில் ஊற்றினார். "ரத்தினபாய் அம்மா வீட்லயும் கேக்கறாங்க. என்ன பண்ணணும்னு சொல்லுங்க, நானே சொல்லிடறேன்."

ஜெயசீலி சொன்னாள். பழத்து விதையை முளைக்கவைத்து, அந்தச் செடி ஒன்றைப் பழைய கொடிக்குப் பக்கத்தில் நட வேண்டும். காலனிக் கொம்பு எதுவும் உதவாது. புதுச் செடி பூக்கிற வரைக்கும், மத்தியானத்துக்கு மேல் தோட்டத்துப் பூவைக் கொண்டுவந்து, நம் பூவின் மூன்று சூல்முடிகளிலும் தொட்டு வைக்க வேண்டும். அது பூத்த பிறகு நாம் எதுவும் செய்ய வேண்டாம், கருவண்டு பார்த்துக்கொள்ளும்.