ராக்கெட் பைலட் பரசுராமன்

போன வருஷம் என் பொண்ணு அறிவுமதி பொறந்த நாளுக்கு ஒரு ஈ காக்கா வரலை. பென்னலூருக்கு நாங்க குடிவந்த புதுசு அப்போ. கேக்கை வெச்சிக்கினு வாசலையே பார்த்துக்கினு நின்னுது புள்ள. அப்பால நாங்க மூணு பேருமே அதைத் தின்னு தீர்த்தோம்.

இந்த வருஷம் அவளே முடிவு பண்ணிட்டா. "அம்மா, ஸ்பேஸ் தீம். கார்டு நானே பண்ணி தெருவுல எல்லா வூட்டுக்கும் குடுப்பேன். கார்டு குடுத்தா வந்துதானே ஆவணும்?" ஏழு வயசுக்கு இன்னா நியாயம் பேசுது பாருங்க.

ஸ்பேஸுன்னா இருட்டாம். கருப்பு சார்ட் வாங்கியாந்தோம். எனக்கு இருங்காட்டுக்கோட்டைல கார் சீட்டுக்குக் கவர் தைக்கிற வேலை. பொழுதன்னிக்கும் கருப்புத் துணியிலயே முழிக்கிறவளுக்குக் கருப்பு கண்ணை உறுத்துமா? ஜோரா கீதுன்னு சொல்லி வெட்டிக் குடுத்தேன். அவ ஜிகினா நட்சத்திரம் ஒட்டினா. வெள்ளிக் கலர் பேனாவால நடுவுல பெருசா "பரசுராமன்"னு அவங்கப்பா பேரை எழுதினா. அவருதான் ராக்கெட்டுக்கு பைலட்டாம். அடியில "ஞாயிறு"ன்னு எழுதி முடிக்கவும் பேனா காலி. கேக்கு, ராக்கெட்டு, அவ பேரு, மிச்சம் அத்தனையும் பென்சில்ல. கருப்பு மேல பென்சிலு! நானும் பக்கத்துல குந்தி பார்த்துக்கினுதான் இருந்தேன். புத்தியில ஏறலை.

பரசுராமனுக்கு ரெண்டு வாரமா நைட் ஷிப்ட். மனுசன் மூஞ்சியைத் தெருவுல யாருமே பார்க்கலை. "காலைல வரசொல்ல நானே குடுத்துட்டு வந்துடறேன்"னு கார்டையெல்லாம் பையில போட்டுக்கினு போனாரு. சனிக்கிழமை விடியக்காலைல கம்பெனி பஸ்ஸை வுட்டு எறங்கி, தூக்கக் கலக்கத்துல ஒவ்வொரு வூட்டு கேட்டுலயும் ஒண்ணைச் சொருவிட்டு வந்து, தலையோட காலா இழுத்துப் போர்த்திக்கினு ஹால்லயே சாஞ்சிட்டாரு. புள்ள வேன் ஏறி அரை நாள் ஸ்கூலுக்குப் போய்ட்டா.

எனக்கு அன்னிக்கு லீவு. பலூன் வாங்கலாம்னு தெருவுல எறங்கினேன். மொதல் வூட்டு வாசல்ல கருப்புக் காயிதம் கிழிஞ்சு கெடந்துது. அடுத்த வூட்டுலயும் அப்படியே. நாலு வூடு தள்ளி இருக்கிற எழிலரசி வூட்டாண்ட நாலு துண்டா கிழிச்சுப் போட்டு, மேல தண்ணி வேற தெளிச்சு வெச்சிருந்தாங்க. புள்ள கண்ணுல பட்டுடக் கூடாதேன்னு துண்டையெல்லாம் பொறுக்கிப் பையில போட்டுக்கினேன்.

"ஏ எழிலு! வெளிய வாடி! எம் புள்ள ஒரு வாரமா குந்திக்கினு பண்ணுன கார்டைக் கிழிக்க உனுக்கு எப்படிடி மனசு வந்துச்சு?"

ஈரத் தலையோட ஓடியாந்தா எழிலரசி. என்னைக் கட்டிப் புடிச்சிக்கினு ஒரே அழுகை. "யக்கா! அண்ணன் போயிட்டாராக்கா? எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லலியேக்கா!"

"எந்த அண்ணன்டி?"

"கருமாதிப் பத்திரிகையை வூட்டுக்குள்ள எடுத்துக்கினு போவலாமாக்கா? அதான் வாசல்லயே கிழிச்சுப் போட்டுட்டு தலைக்கு ஊத்திக்கினேன்."

அப்பத்தான் எனக்கு உறைச்சுது. கருப்புக் காயிதம். மூலையில மஞ்சள் கெடையாது. கையில குடுக்காம கேட்டுல சொருவினது. நடுவுல ஒத்த ஆம்பளை பேரு. அடக் கடவுளே!

வூட்டுக்கு ஓடினேன். எனக்கு முன்னாடியே ஹால் ரொம்பிப் போயிருந்துது. தெருவுல ஆம்பளை பொம்பளை அத்தினி பேரும் கீறாங்க. வூட்டு ஓனர் கண்ணப்பன் கையில ரோஜா மாலை. நடுவுல எங்க வூட்டுக்காரு, போர்த்தின போர்வையோட, அசையாம.

"காரியத்துக்குப் பத்திரிகையே வெச்சாச்சு, இன்னும் எடுக்கலியா?"ன்னு பின்னால ஒரு அம்மா குசுகுசுன்னுது.

"யோவ், எழுந்திரிய்யா!"ன்னு நான் கத்தினேன்.

"பாவம், புத்தி பேதலிச்சுப் போச்சு. புடிங்க அவளை." ரெண்டு பொம்பளைங்க என் கையைக் கெட்டியாப் புடிச்சிக்கினாங்க. என் பின்னாலயே ஓடியாந்த எழிலரசி ஒப்பாரி வெச்சிக்கினே அவரு காலைப் போய்ப் புடிச்சா.

போர்வையை உதறிட்டு எழுந்து குந்தினாரு பரசுராமன். "இன்னா, பஸ்ஸு வந்துட்டுதா?"

எழிலரசி போட்ட சத்தம் ஹைவேஸ் வரைக்கும் கேட்டிருக்கும். கண்ணப்பன் கிச்சன் பக்கம் எகிறிட்டாரு. "இன்னாத்துக்குக் கத்துறீங்க? காலைல நான்தானே வூடு வூடா பத்திரிகை வெச்சேன்?"ன்னாரு இவரு. அதைக் கேட்டு ஒரு அம்மா அப்படியே சுவத்துல சரிஞ்சிட்டாங்க.

"பொறந்த நாளுங்க! எம் பொண்ணுக்கு!" துண்டையெல்லாம் கொட்டி, பென்சில்ல எழுதினதை வெளிச்சத்துல சாய்ச்சு சாய்ச்சுக் காட்டினேன். கண்ணப்பன் மாலையை முதுகுக்குப் பின்னால மறைச்சாரு.

அந்நேரம் பார்த்து வேன் ஹாரன். சட்டுனு துண்டையெல்லாம் பாய்க்கடியில தள்ளினேன். இதெல்லாம் தெரிஞ்சா புள்ள ஒடைஞ்சு போயிடுமே.

அறிவுமதி உள்ள வந்தா. கூட்டத்தைப் பார்த்து அப்படியே நின்னுட்டா. அப்புறம் மூஞ்சி மலர்ந்துது பாருங்க, அந்த மாதிரி நான் ஒரு வருஷமா பார்க்கலை.

"அம்மா! எல்லாரும் வந்துட்டாங்க! ஆனா நான் ஞாயித்துக்கெழமைன்னுதானே எழுதினேன்?"

எழிலரசிதான் மூக்கை உறிஞ்சிக்கினே சொன்னா: "இன்னிக்கு சும்மா பார்க்க வந்தோம் கண்ணு. நாளைக்குப் புள்ளைங்களோட வர்றோம்."

"நிஜமா? தாத்தா, நீங்க?" கண்ணப்பன் தலையாட்டினாரு. "ஆயா, நீங்க?" சுவத்துல சாஞ்சிருந்த அம்மாவும் ஆட்டினாங்க. ஒருத்தரை வுடலை அவ. அந்தக் கூட்டத்துல முடியாதுன்னு சொல்ல யாருக்கு மூஞ்சி கீது?

அப்புறம் மாலையைப் பார்த்துட்டா. "ஐ! எனக்கா?"

"இல்ல!"ன்னு மொத்த தெருவும் ஒரே குரல்ல அலறுச்சு.

"அது அப்பாவுக்கு வாங்கினதும்மா"ன்னு சொல்லிட்டு, எங்க வூட்டுக்காரு கைலியோட எழுந்து போய், மாலையை வாங்கிக் கழுத்துல போட்டுக்கினாரு.

"கழட்டுய்யா அதை!"ன்னு கத்தினேன். கத்துறப்பவே எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒண்ணா வந்துடுச்சு. புள்ள எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. ஒவ்வொருத்தரையா தொட்டுத் தொட்டு எண்ணிக்கினு இருந்தா. நடுவுல கணக்கு தப்பிப் போச்சுன்னு மறுபடியும் மொதல்லேர்ந்து ஆரம்பிச்சா.