இன்னும் ஒருத்தர்

"காலை இழுக்காதீங்கடா, தோளைப் பிடிங்க!"

யாரோ கத்தினார்கள். தேயிலைக் காட்டிலிருந்து ஓடி வந்த சசிரேகாவுக்கு மூச்சு இன்னும் அடங்கவில்லை. தேவாலாவில் வெள்ளைக்காரன் காலத்தில் தங்கம் தோண்டி, பிறகு போட்டது போட்டபடி விட்டுப்போன சுரங்கம் அது. அதன் வாயிலிருந்து அவள் புருஷன் நவநீதனை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்கள். கூடலூருக்கு லோடு ஏற்றப் போவதாகத்தான் காலையில் அவளிடம் சொல்லியிருந்தான்.

கம்பளியில் கிடத்தினார்கள். அவள் அவன் நெஞ்சில் கை வைத்தாள்.

"சூடாத்தான இருக்கு? ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க."

யாரும் அசையவில்லை. நவநீதனோடு போன பிராங்ளின் பக்கத்தில் வந்து குந்தினான். உடம்பெல்லாம் சேறு.

"அண்ணி, போலீஸ் வருது. வெறகு பொறுக்கப் போனாரு, மண்ணு சரிஞ்சிருச்சுன்னு சொல்லிருங்க. சுரங்கம்னு சொன்னா எங்க எல்லாருக்கும் கேஸாயிரும்."

அவளுக்கு எதுவும் காதில் ஏறவில்லை. சுரங்க வாயில் கழற்றிப் போட்டிருந்த செருப்புகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு ஜோடி. ஒன்று அவனுடையது. நீலக் கயிறு வைத்துக் கட்டிய இன்னொன்றை எஸ்டேட் லைன் வீட்டில், பக்கத்து வாசலில் தினமும் பார்ப்பாள்.

"பொன்னுத்துரை அண்ணன் எங்க?"

பிராங்ளின் தலையைக் குனிந்தான். "ரொம்ப உள்ள போயிட்டாரு அண்ணி. கூப்பிட்டுப் பாத்தோம். சத்தமே இல்ல."

"அவரு வீட்டுல, கெஸியாவுக்குச் சொன்னீங்களா?"

அவன் ரோட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

ஜீப் வந்து நின்றது. "என்னம்மா ஆச்சு?" என்றார் எஸ்.ஐ. பிராங்ளின் அவளையே பார்த்தான்.

"தங்கம் தோண்டத்தான் சார் போனாங்க. இன்னும் ஒருத்தரு உள்ள இருக்காரு. மொதல்ல அவர எடுங்க."

தன் குரல்தானா என்று அவளுக்கே தெரியவில்லை. பிராங்ளின் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

தீயணைப்பு வண்டி வந்து, மண்ணை அள்ளி, மத்தியானத்துக்கு மேல் பொன்னுத்துரையை வெளியே எடுத்தார்கள். வெளிக்காற்று பட்டதும் இருமினான். கூட்டம் "ஓ" என்று கத்திக்கொண்டு அந்தப் பக்கம் ஓடியது. அவன் பெண்சாதி கெஸியா விழுந்தடித்து வந்து அவன் வாய்க்குள் விரலை விட்டு மண்ணைத் தோண்டி எடுத்தாள். "பாவி மனுசா, பாவி மனுசா" என்று அடித்தாள், துடைத்தாள், மறுபடி அடித்தாள்.

கம்பளிப் பக்கம் யாரும் இல்லை. நவநீதன் உதட்டோரத்திலும் மண் ஒட்டியிருந்தது. சசிரேகா முந்தானை நுனியை எச்சிலில் நனைத்து மெல்லத் துடைத்தாள். அப்புறம் காதோரம். அப்புறம் இமை.

அங்கே இருமல் நிற்கவே இல்லை.